குன்னூர் கடையில் வாங்கிய பழைய பில்லியர்ட்ஸ் ஸ்டிக்: கடைக்கு 2 ஸ்டார், ஸ்டிக்குக்கு 4

குன்னூரில் ஒரு பழம்பொருள் கடை. பெயர் போடவில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன், அந்த மனிதரோ நல்லவர், மழைக்கு ஒதுங்கி நின்றவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது வருகிற சாமான்கள்தான் அவருக்குச் சரக்கு. அரிக்கேன் விளக்கு, ஓரம் உடைந்த பீங்கான் தட்டு, பிரம்பு கிழிந்த ஈசிசேர், யாரோ ஒரு துரையின் கல்யாண போட்டோ. நான் போனது ஸ்டிக் தேடி. பில்லியர்ட்ஸும் ஸ்நூக்கரும் ஆடுகிற ஸ்டிக். கியூ என்பதுதான் அதன் சரியான பெயர், ஆனால் நாங்கள் ஆடுகிற பார்லரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கியூ என்றால் ரேஷன் கடை ஞாபகம்தான் வருகிறது.

பழைய ஸ்டிக் சேர்க்கிற பைத்தியம் எனக்குப் பிடித்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் 11 இருக்கின்றன, எல்லாம் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கின்றன. படுத்திருக்கின்றன என்பது முக்கியம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்தக் கடையில் நான்கு ஸ்டிக் இருந்தது. நான்கும் வாசலை ஒட்டிய சுவரில், குடைகளோடு குடையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. குன்னூர் ஈரத்தில்! அதைப் பார்த்ததுமே ஒரு ஸ்டாரைக் கழித்துவிட்டேன்.

கடைக்கார அண்ணன் முதலில் எடுத்து நீட்டியது அடிப்பக்கத்து பேட்ஜில் ஸ்நூக்கர் சாம்பியன் ஜோ டேவிஸ் பெயரும் 147 என்ற எண்ணும் பதித்த ஒன்றை. "இது சேம்பர்லின் துரை ஊட்டி கிளப்புல ஆடுன ஸ்டிக் சார். ஸ்நூக்கரையே கண்டுபிடிச்சவரு" என்றார். கதையில் பாதி உண்மை. நெவில் சேம்பர்லின் என்கிற ராணுவ அதிகாரி (பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறு ஆள்) 1875-ல் ஜபல்பூர் மெஸ்ஸில் இருந்தபோது, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பூல் ஆட்டத்தில் கலர் பந்துகளைச் சேர்த்துப் பார்த்ததில்தான் ஸ்நூக்கர் பிறந்தது. 1882-ல் ஊட்டி கிளப்பில் அதன் விதிகளை எழுதி பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். இதெல்லாம் சரி. ஆனால் ஜோ டேவிஸ் பிறந்ததே 1901-ல். அவர் முழு 147 (ஸ்நூக்கரில் விடாமல் ஒரே மூச்சில் எடுக்கிற வழக்கமான அதிகபட்சப் புள்ளி) அடித்தது 1955 ஜனவரியில், லண்டன் லெஸ்டர் ஸ்கொயர் ஹாலில். சேம்பர்லின் 1944-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணனிடம் இதை மெதுவாகச் சொன்னேன். அவர் ஸ்டிக்கை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், "அப்ப அவரு மகன் ஆடியிருப்பாரு சார்" என்றார்.

புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் ஏமாறுகிற முதல் இடம் இந்த பேட்ஜ்தான். ஆட்டக்காரர் பெயரையும் அவர் சாதனை எண்ணையும் பதித்து விற்பது அந்தக் காலத்து விளம்பரம். இன்றைக்கு கிரிக்கெட் பேட்டில் ஆட்டக்காரர் கையெழுத்தை அச்சடித்து விற்பதில்லையா, அதே வேலை. 3,304 என்று இருந்தால் அது பீல் என்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் 1890-ல் அடித்த பிரேக் (ஒரே தொடராக, தவறாமல் எடுத்த புள்ளிகள்), 4,137 என்று இருந்தால் வால்டர் லிண்ட்ரம் 1932-ல் லண்டனில் அடித்தது. எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான், இந்த வருடத்துக்கு முன்னால் இந்த ஸ்டிக் இருந்திருக்க முடியாது என்பது. அதற்கு எத்தனை வருடம் கழித்துச் செய்தார்கள் என்று அது சொல்லாது. ஜோ டேவிஸ் 147 பேட்ஜ் போட்ட ஸ்டிக்குகள் வருடக்கணக்கில் கடைகளில் விற்றவை, ஆடுவதற்கு நன்றாகவே இருக்கும், அபூர்வம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது ஸ்டிக்கைப் பற்றி எழுதும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

அது கையால் ஸ்ப்ளைஸ் செய்தது. ஸ்ப்ளைஸ் என்றால், முனைப்பக்கம் வருகிற வெளிர் நிற ஆஷ் மரமும் பிடிப்பக்கம் வருகிற கருங்காலியோ ஈட்டி மரமோ சேருகிற இடம். மெஷினில் செய்தால் இரண்டு மரத்திலும் பல் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிவிடுவார்கள், வெளியே பார்க்க நான்கு கூரான முனைகள் வேல் மாதிரி ஏறும். கையால் செய்யும்போது ஆஷ் தண்டின் நான்கு பக்கத்தையும் இழைத்து, ஒவ்வொரு பக்கமாகக் கறுப்பு மரத்துண்டை ஒட்டி, அப்புறம் உருட்டாகச் சீவுவார்கள். அதனால் முனை கூராக வராது, கோயில் கோஷ்டத்து வளைவு மாதிரி உருண்டு வரும். நான்கு வளைவும் ஒரே உயரத்தில் நின்றால் செய்தவன் கைகாரன். இந்த ஸ்டிக்கில் நான்கும் ஒரு நூல் பிசகாமல் நின்றன. அடியில் தர்ஸ்டன் கம்பெனி பேட்ஜ். 1799-ல் ஆரம்பித்த கம்பெனி அது, லண்டனில் பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அதுதான் பெரிய பெயர்.

அதை நம்ம அண்ணன், பங்களா சாமான்களுக்கு பாலிஷ் போடுகிற ஆசாரியிடம் கொடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கதவுக்கு அடிக்கிற வார்னிஷை இரண்டு கோட் அடித்து வைத்திருக்கிறார். "பிரெஷ்ஷா பண்ணி வச்சிருக்கோம் சார், பாருங்க கண்ணாடி மாதிரி." கண்ணாடி மாதிரிதான் இருந்தது. பேட்ஜில் எழுத்து பாதி போய்விட்டது. கம்பெனிப் பெயரின் வால் தெரிகிறது, கீழே விலாச வரி சுத்தமாக இல்லை. அந்த விலாச வரி இருந்திருந்தால் வயதை ஓரளவு பிடித்திருக்கலாம். தர்ஸ்டன் 1901-ல் லெஸ்டர் ஸ்கொயருக்குக் குடிபோனது, அந்த இடத்தில் 1940-ல் குண்டு விழுந்தது. லெஸ்டர் ஸ்கொயர் என்று இருந்தால் 1901-க்கு அப்புறம், அதற்கு முந்தைய தெருவின் பெயர் இருந்தால் விக்டோரியா ராணி காலம். அந்த ஒரு வரியை ஆசாரி அரை மணி நேரத்தில் தேய்த்து எடுத்துவிட்டார். பழைய ஸ்டிக்கில் நாம் காசு கொடுப்பது மரத்துக்கு இல்லை, யாரும் கை வைக்காமல் விட்டதற்குத்தான். ஆஷ் மரத்தின் துளைகளில் நூறு வருடக் கை வியர்வையும் சாக்பொடியும் இறங்கிக் கறுத்திருக்குமே, அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் திரும்ப வராது. இதற்கு அவர் சொன்ன விலை மற்ற மூன்றையும் விட அதிகம், பாலிஷ் செலவு சேர்த்து!

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளப்பில் எல்லோருக்கும் பொதுவாக மாட்டி வைக்கிற சாதாரண முழு ஆஷ் ஸ்டிக், அதில் யாரோ பிற்பாடு ஒரு பேட்ஜை ஒட்டியிருக்கிறார்கள். நகத்தால் தடவினால் தெரிந்துவிடும். அசல் பேட்ஜும் மரமும் ஒன்றாகத் தேய்ந்து ஒன்றாக மழுங்கியிருக்கும், சுற்றிலும் முடி மாதிரி ஓர் அழுக்குக் கோடு ஓடும். இதில் மரம் முழுக்க அடிபட்டுக் கிடக்கிறது, பேட்ஜ் மட்டும் நேற்று அச்சடித்த விசிட்டிங் கார்டு மாதிரி பளிச்சென்று இருக்கிறது, ஓரத்தில் பசை பிதுங்கியிருக்கிறது.

நான்காவதுதான் நான் வாங்கியது. பரோஸ் அண்ட் வாட்ஸ், சோஹோ ஸ்கொயர், லண்டன். 1836-ல் தொடங்கிய கம்பெனி, அந்தக் காலத்தில் தர்ஸ்டனுக்குப் போட்டி. மெஷின் ஸ்ப்ளைஸ்தான், கூரான நான்கு முனை, ஆகவே பெரிய அபூர்வம் இல்லை, இதை வாங்கும்போதே எனக்குத் தெரியும். இந்த மாதிரி ஸ்டிக்குகள் இங்கிலாந்து ஏலங்களில் 50 பவுண்டுக்குள் போவதும் உண்டு. ஆனால் இதை ஆசாரி தொடவில்லை. அழுக்காக இருந்ததால் கடைசியாகச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறார்கள், அந்தச் சோம்பலுக்கு நன்றி.

அண்ணன் பேட்ஜைக் காட்டி, "அப்பட்டமான தந்தம் சார்" என்றார். விலையை ஏற்றத்தான் சொன்னார், பாவம், தன் மேலேயே கேஸ் எழுதிக்கொள்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே தந்தம் வாங்கி விற்பது குற்றம், 1991 திருத்தத்தில் ஆப்பிரிக்க யானைத் தந்தமும் அதற்குள் வந்துவிட்டது, நூறு வருடப் பழசு என்பது சாக்கு ஆகாது. நிஜமாகவே தந்தமாக இருந்திருந்தால் அப்படியே கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டியிருப்பேன். நீங்களும் அதையே செய்யுங்கள். வெளிநாட்டு ஏலத்தில் தந்த பேட்ஜ் வைத்த ஸ்டிக்கைப் பார்த்து ஆசைப்பட்டு இங்கே வரவழைக்க நினைக்காதீர்கள்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன லென்ஸ் வைத்திருப்பேன். தந்தத்தைக் குறுக்குவெட்டில் பார்த்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலை மாதிரி ஓடும். எலும்பாக இருந்தால் பொட்டுப் பொட்டாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். இதில் கோடுகள் இருந்தன, ஆனால் எல்லாம் நோட்டுப் புத்தகம் மாதிரி ஒரே இடைவெளியில் நேராக ஓடின. அவ்வளவு ஒழுங்கு எந்த யானையிடமும் கிடையாது. கட்டைவிரலால் வேகமாக ஒரு நிமிடம் தேய்த்துச் சூடாக்கி மூக்கருகே கொண்டுபோனேன், கற்பூர வாசனை, மார்கழி மாதத்துக் கோயில் மாதிரி. செல்லுலாய்ட். கற்பூரம் போட்டுத்தான் அதைச் செய்வார்கள். சிலர் ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம், செல்லுலாய்ட் குப்பென்று பற்றிக்கொள்ளும், அப்புறம் பேட்ஜும் இருக்காது விரலும் இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செல்லுலாய்ட் பிறந்ததே பில்லியர்ட்ஸால்தான். பந்துகளுக்குத் தந்தம் கட்டுப்படியாகாமல் போனபோது, அதற்குப் பதிலாக வேறொன்றைக் கண்டுபிடித்தால் 10,000 டாலர் பரிசு என்று அமெரிக்காவில் ஒரு பில்லியர்ட்ஸ் கம்பெனி அறிவித்தது. ஜான் வெஸ்லி ஹையட் என்பவர் அந்தப் பரிசை நினைத்து ஆரம்பித்த வேலைதான் 1870 வாக்கில் செல்லுலாய்டில் போய் நின்றது. சினிமா பிலிமும் சீப்பும் பிங்பாங் பந்தும் அதற்கப்புறம் வந்தவை. என் ஸ்டிக்கின் பேட்ஜில் தந்த வேஷம் போட்டு உட்கார்ந்திருப்பதும் அதுதான்.

வயதுக்கு வருவோம். பேட்ஜில் லண்டன் என்பதற்குப் பக்கத்தில் டபிள்யூ என்று ஒற்றை எழுத்து இருக்கிறது, எண் இல்லை. லண்டன் தபால் வட்டாரங்களுக்கு எண் கொடுத்தது 1917-ல். அதற்கப்புறம் சோஹோ ஸ்கொயர் என்றால் டபிள்யூ 1. ஆகவே இது அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அடித்துச் சொல்ல முடியாது, பழைய பேட்ஜ் ஸ்டாக் தீர்கிற வரை ஒட்டியிருப்பார்கள். 1910-ஐ ஒட்டி என்று என் நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், பேனாவால் இல்லை.

"பிடி கருங்காலி சார், இப்ப மாலையே என்ன விலை விக்குதுன்னு தெரியும்ல" என்றார் அண்ணன். தெரியும், எங்கள் தெருவில் பாதிப் பேர் கழுத்தில் தொங்குகிறது. இந்த விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது சரி. சாயம் ஏற்றிய மரமாக இருந்தால் அடியில் அடிபட்ட இடத்தில் உள்ளே வெளுப்பு தெரியும். இதன் அடிமூலையில் ஒரு அரிசி அளவு சில்லு பெயர்ந்திருந்தது, உள்ளேயும் கறுப்பு. இங்கிலாந்தில் கருங்காலி வளராது, நம் பக்கமிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலேறிப் போன மரம் அது.

நேராக இருக்கிறதா என்று பார்க்க அவர் ஸ்டிக்கைத் தரையில் உருட்டிக் காட்டினார். அது சரியான சோதனை இல்லை. பழைய ஸ்டிக்கில் பிடியின் ஒரு பக்கம் தட்டையாக இழைத்திருக்கும், தண்டோ முனைப்பக்கம் சிறுத்துக்கொண்டே போகும், நேரான ஸ்டிக்கே உருட்டினால் தத்தித் தத்தித்தான் ஓடும். அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்து ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி மாதிரி குறிபார்த்து, மெதுவாகச் சுற்றுங்கள். வளைவு இருந்தால் ஒரு சுற்றில் ஒரு தடவை முனை எட்டிப் பார்த்துவிட்டு மறையும். இதில் கடைசி ஒரு அடியில் லேசாக எட்டிப் பார்த்தது. சுவரில் சாய்த்து வைத்ததன் பலன். அதனால்தான் என்னுடையவை கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கின்றன. தொங்கவிட்டாலும் சரி, படுக்க வைத்தாலும் சரி, சாய்க்க மட்டும் கூடாது.

18,000 சொன்னார். நான் 5,000 என்றேன். வளைவைக் காட்டினேன், தந்தம் இல்லை என்று காட்டினேன், டீ வந்தது, மழை நிற்கவில்லை, 7,500-க்கு முடிந்தது. பில் கேட்டதற்கு வெள்ளைத்தாளில் "பழைய குச்சி 1" என்று எழுதிக் கொடுத்தார். ஜிபே உண்டு.

கிளம்பும்போதுதான் வாசலில் குடை வைக்கிற குழாயைக் கவனித்தேன். கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம், நான்கே முக்கால் அடி உயரம், மேலே தங்கநிறத்தில் அழிந்துபோன இரண்டு இனிஷியல். குடைக்கு எதற்கு இவ்வளவு உயரம்? ஸ்டிக் வைக்கிற தகரப் பெட்டி அது. அந்தக் காலத்தில் சொந்த ஸ்டிக் வைத்திருந்தவர்கள் கிளப்பில் இதற்குள் போட்டுப் பூட்டி வைப்பார்கள். உள்ளே மூன்று குடையும் ஒரு பிளாஸ்டிக் பைப்பும். "அண்ணா, இதோட மூடி எங்க?" "மூடியா? அதுக்கு மூடி இருந்துச்சா?" 600 ரூபாய்க்குக் கொடுத்தார். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு எடுத்து வந்தேன். ஸ்டிக்கும் பெட்டியும் ஒரே பங்களாவிலிருந்து வந்தவையா என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை, எழுதி வைக்கிற பழக்கமும் இல்லை. எந்த எஸ்டேட், எந்த வருடம் என்று ஒரு வரி குறித்து வைத்திருந்தாலே அவர் சரக்குக்கு இரண்டு மடங்கு விலை வரும். இரண்டாவது ஸ்டார் இங்கே போனது. மூன்றாவது ஏன் போனது என்று தர்ஸ்டன் கதையைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீலகிரி எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் எனக்குப் பக்கத்தில் படுக்க வைத்துக் கொண்டுவந்தேன். டிடிஇ என்ன இது என்று கேட்டார், பழைய குச்சி 1 என்று பில்லைக் காட்டினேன்.

வீட்டில் சமையல் தராசில் நிறுத்தேன். பிடியில் 16 என்று முத்திரை இருக்கிறது, அதாவது 16 அவுன்ஸ், 454 கிராம் வரவேண்டும். வந்தது 438. நீளம் 56 அங்குலம் சொச்சம். டிப் (முனையில் ஒட்டுகிற தோல்) மாற்றும்போதும் அதற்குக் கீழே இருக்கிற பூண் மாற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக முனையை வெட்டியிருக்கிறார்கள், பென்சில் தேய்கிற மாதிரி. முத்திரைக்கும் தராசுக்கும் உள்ள இந்த இடைவெளிதான் ஸ்டிக் எவ்வளவு ஆடியது என்பதற்கான கணக்கு, வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும், கடையில் தராசு கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் தப்பு.

டிப் போட எங்கள் பார்லர் மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் கையில் வாங்கியதும் முதலில் உப்புத்தாளைத் தேடினார். "மாஸ்டர், தொட்டீங்கன்னா பேசமாட்டேன்" என்றேன். பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, ஆளிவிதை எண்ணெய் நான்கு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தடவினோம், அவ்வளவுதான். பித்தளைப் பூண், நம் உலக்கைப் பூண் மாதிரியேதான் சின்னதாக, ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றலாம் என்றார், வேண்டாம் என்றேன், அதன் மேலேயே எல்க் மாஸ்டர் டிப் ஒட்டிக் கொடுத்தார். நடுவில் வெட்டி இரண்டு துண்டாக்கி ஜாயின்ட் போட்டால் பைக்கில் கொண்டுபோக வசதி என்று இன்னொரு யோசனையும் சொன்னார். ஆட மட்டும் வாங்கியவர்களுக்கு அது நல்ல யோசனைதான். சேர்க்கிறவர்கள் அதைச் செய்தால் பாதி விலை அன்றைக்கே போய்விடும்.

ஆடிப் பார்த்தேன். முனை இன்றைய ஸ்டிக்கை விடத் தடிமன், பந்தின் நடுவில் அடிக்க நிதானமாக இருக்கிறது, ஆனால் ஓரத்தில் தட்டி சைடு (பந்துக்குப் பக்கவாட்டுச் சுழற்சி) கொடுக்கப்போனால் என்ன செய்கிறது என்று அதற்கே தெரியவில்லை. மேஜையின் நீளத்துக்குப் பலமாக அடித்தால் தண்டு லேசாக அதிருகிறது, அந்த அதிர்வு மணிக்கட்டு வரை வருகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. 40-க்கு மேல் பிரேக் வரவில்லை, அது ஸ்டிக்கின் குற்றம் இல்லை. வளைவுக்காக ஒரு ஸ்டார் குறைத்து 4.

கடைக்குப் போகலாமா என்றால், பார்க்கத் தெரிந்தவர்கள் போகலாம், லென்ஸோடும் தராசோடும். தெரியாதவர்கள் போனால் சேம்பர்லின் துரையின் ஸ்டிக்கோடுதான் திரும்பி வருவீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணன் போன் செய்தார். பெட்டியின் மூடி கிடைத்துவிட்டதாம், இத்தனை நாள் கல்லாவில் ஊதுபத்தி செருகி வைத்திருந்தாராம். 500 ரூபாய். "கறையா இருக்கு சார், பெயின்ட் அடிச்சு பிரெஷ்ஷா பண்ணி அனுப்பவா?" வேண்டாம் அண்ணா, சாம்பலோடு அப்படியே அனுப்புங்கள் என்றேன்.